திரும்பி வந்த மனு

ஊருக்கெல்லாம் மனு அடித்துக் கொடுத்த டைப் அக்கா, அன்று தன் சொந்த மனுவைத் தூக்கிக்கொண்டு கோர்ட் வரிசையில் நின்றாள். எதிர்மனுதாரர் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி.

அம்மா கண்ணை மூடியதும் வீட்டைத் தன் பேருக்கு மட்டும் மாற்றிக்கொண்டான் அவன். கேட்டதற்கு, "உனக்குத்தான் புருஷன் வீடு இருக்கே" என்றான். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. மனுவை வாங்கிக் கேஸ் நம்பர் போட்டுவிட்டார்களானால் தம்பி என்ற உறவுக்கே முழுக்குத்தான். அது அவளுக்குத் தெரியாதா? கேஸ் முடிந்தும் முகம் பார்க்காமல் போன எத்தனை அண்ணன் தங்கைகளை அந்த வராந்தாவில் பார்த்திருக்கிறாள். தெரிந்தும் வந்தாள். அவள் ரோஷம் அப்படி.

வரிசை நகர்வதாக இல்லை. கண் தன்னால் வராந்தாக் கோடிக்குப் போனது. இப்போது தண்ணீர் இயந்திரம் நிற்கும் இடத்தில்தான் அவள் டைப்ரைட்டர் மேஜை இருந்தது. தம்பி அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அவள் அடித்து முடித்ததும் இருவரும் ஒப்பிட உட்காருவார்கள். அவன் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பான். அவள் அடித்த தாளில் வரிவரியாக விரல் வைத்துக்கொண்டே வருவாள். சும்மா வாசிப்பானா அவன்? குடியிருப்பவர் மனுவை அழுகிற குரலில், வீட்டுக்காரர் மனுவை மிரட்டுகிற குரலில். பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் வேலையைப் போட்டுவிட்டுக் கேட்பார்கள். அவள் சிரித்து வரியைத் தவறவிட்டால், "அக்கா, கோர்ட்ல சிரிச்சா உள்ள தூக்கிப் போட்டுருவாங்க" என்பான், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்த காலம். ஆனால் அந்த இருவர் கை பட்ட மனு ஒன்றுகூடக் குறை சொல்லித் திரும்பியதில்லை. என்ன நாட்கள் அவை!

"அக்கா, உங்க தம்பி எப்ப தவறினாரு?"

அவள் முறை வந்து மனுவை வாங்கிப் புரட்டிய எழுத்தர், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"என்ன சொல்றீங்க?"

"எதிர்மனுதாரர் பேருக்கு முன்னால காலஞ்சென்றன்னு போட்டிருக்கே. இறந்தவர் மேல எப்படிக்கா கேஸ் போடறது? திருத்திக் கொண்டாங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மனுவைக் கம்ப்யூட்டரில் திறந்து, பேரை மட்டும் மாற்றிக்கொள்வது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். பழைய மனுவில் செத்துப்போயிருந்தது வேறு யாருடைய தம்பியோ. பேர் மாறியது, முன்னால் இருந்த சொல் அப்படியே நின்றுவிட்டது. அதை வாசித்துக் காட்ட அவளுக்குத்தான் ஆளில்லையே.

பெஞ்சில் வந்து உட்கார்ந்து அந்த வரியையே பார்த்தாள். பாவி, உயிரோடு இருக்கிறவனை நானே கொன்றுவிட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கேஸாவது ஒன்றாவது. போனை எடுத்து அழுத்தினாள்.

"அக்கா?" என்றான் தம்பி, நம்பாமல்.

"நல்லாத்தானடா இருக்கே? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. ஏன், என்ன ஆச்சு? எங்க இருக்கே நீ?"

"கோர்ட்ல. உம்மேல கேஸ் போட வந்தேன்."

பழைய குமாஸ்தாவின் குரலில், "நம்பர் ஆயிடுச்சா?" என்று கேட்டான்.

"இல்ல. திருப்பிட்டாங்க."

"உன் மனுவையா? எவன் திருப்பினது? என்ன குறையாம்?"

தன் மேல் போட்ட கேஸ் என்பதையே மறந்துவிட்டு அவன் கொதித்தான். அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"தனியா ஒப்பிட்டியா?"

"வேற யாருடா இருக்கா எனக்கு?"

"அங்கேயே இரு, வர்றேன். இந்தக் கேஸுக்கு வீட்டுப் பத்திரம் வேணும். அது எங்கிட்டத்தான் இருக்கு, எடுத்துட்டு வர்றேன். நான் செஞ்சது தப்புதான், நீ போடறதுன்னா போடு. ஆனா நான் இருக்கறப்ப உன் மனு திரும்பலாமாக்கா?"

சுற்றிலும் வக்கீல்களும் கட்சிக்காரர்களும் திரும்பிப் பார்க்க, டைப் அக்கா வாய்விட்டு அழுதாள்.