தராசு இறங்காத ஊர்

எங்கள் தோட்டத்து லயத்தில் இரண்டு காம்பரா வீடுகளுக்கு நடுவில் இருப்பது பெயருக்குத்தான் சுவர். கூரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் சோலைமலை தும்மினால் இந்தப் பக்கம் என் பூனை எழுந்து உட்காரும். ஆகவே நான் ஒட்டுக்கேட்டேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காது இருந்தது, கேட்டது, அவ்வளவுதான்.

சோலைமலை ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபாக்டரியில், இருபத்தெட்டு வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மற்ற ஆம்பிளைகள் ஓய்வு பெற்றால் கோயில் கமிட்டியில் சேர்ந்து சண்டை போடுவார்கள். இவர் மஸ்கெலியா வாசகர் வட்டத்தில் சேர்ந்து சண்டை போட்டார். அதுவும் விஞ்ஞானக் கதைக்கு மட்டும். நெடுமலை நாதன் என்று ஓர் எழுத்தாளர். பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்புக்குப் போனவர். அவருடைய பதினொரு நாவலும் சோலைமலையின் ட்ரங்குப் பெட்டியில், கலியாணப் பட்டுக்கு மேலே கிடக்கின்றன. பட்டு, மனைவி சண்முகவடிவுடையது. அவள் இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள்.

இந்த வருஷம் பன்னிரண்டாவது நாவல் வந்தது. பெயர் ‘எடையில்லாத ஊர்.’ வட்டத்தை நடத்தும் முத்துலிங்கம் மாஸ்டர் அதை வீட்டுக்கே கொண்டுவந்து, அட்டையை வாசித்துக் காட்டினார். எழுதியவர்கள்: நெடுமலை நாதன், அம்னா ஸஜ்ஜாத்.

“யாரு மாஸ்டர் இந்தப் புள்ள?”

“கொழும்புல இன்ஜினியர், அண்ணே. ரெண்டு பேரும் சேந்து எழுதியிருக்காங்க.”

“நாதனுக்கு எதுக்கு மாஸ்டர் தொணைக்கு ஆளு? அவரு என்னா நடக்கப் பழகுறாரா?”

“அதத்தான் நீங்க பேசணும். அடுத்த மாசம் மூணாவது ஞாயித்துக்கெழம.”

“பேசுறேன். எது நாதன் எழுதுனது, எது அந்தப் புள்ள எழுதுனதுன்னு வரிக்கு வரி பிரிச்சுக் காட்டுறேன். ஒரு வரி கேட்டாப் போதும் எனக்கு.”

சபதம் செய்தவருக்கு ஒரு சின்ன இடைஞ்சல் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று மாதம். ஆகவே வாசிக்கும் வேலை வடிவின் தலையில் விழுந்தது. மலையிலிருந்து இறங்கி, குளித்து, ரொட்டி சுட்டு வைத்துவிட்டு, ஆறு மணிக்கு அவள் புத்தகத்தோடு உட்காருவாள். நல்ல கணீர்க் குரல். நானும் ரேடியோவை அணைத்துவிடுவேன், கரண்ட் மிச்சம்.

முதல் நாலு நாளும் எனக்கே தூக்கம் வந்தது. பூமியைச் சுற்றி ஓர் ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே யாருக்கும் எடை கிடையாது. மிதந்தபடியே பேசுகிறார்கள், மிதந்தபடியே பம்புகளைக் கழற்றிப் பூட்டுகிறார்கள்.

“இது அந்தப் புள்ள,” என்பார் சோலைமலை. நாலு பக்கம் போனதும், “இதுவும் அந்தப் புள்ளதான். நாதன் எங்கதான் போனாரு?”

ஐந்தாம் நாள் வடிவு பொறுக்க மாட்டாமல் கேட்டாள். “ஏங்க, இந்த ஊருல ஒரு பொம்பளையும் வேல செய்யிறதாத் தெரியலையே. யாரு இவங்களுக்குச் சோறு போடுறது?”

“வாசி புள்ள. குறுக்க பேசாத.”

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு வாசித்தாள்.

அந்த ஊரில் ஒரு தோட்டம். கண்ணாடிக் கூண்டுக்குள் பச்சை. பெண்கள் மிதந்தபடி கொழுந்து பறித்து, சாயங்காலம் பையைத் தராசில் மாட்டுகிறார்கள். முள் அசையவில்லை. இருபது கிலோ பறித்தவளுக்கும் சைபர், மூன்று கிலோ பறித்தவளுக்கும் சைபர். நிறுக்க வந்த கணக்கப்பிள்ளை பையைப் பிடித்துக் கீழே அழுத்துகிறான்; பை அப்படியே நிற்க அவன் மேலே போகிறான். ‘ஈரத்துக்கு ரெண்டு கிலோ கழிக்கணுமே, எதுலேருந்து கழிப்பேன்?’ என்று கூரையில் முட்டிக்கொண்டு அழுகிறான். கடைசியில் ஒவ்வொரு பெண்ணிடமும் மிதந்து போய், ‘இன்னைக்கு எவ்வளவு பறிச்சீங்கம்மா?’ என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிறான்.

சோலைமலை தொடையில் தட்டியது என் காம்பராவுக்குக் கேட்டது.

“நாதன்! இது நாதன்! பாத்தியா வடிவு, கொழும்பு இன்ஜினியருக்கு இது வருமா? என்னா மூள! இன்னொருக்கா வாசி.”

“இன்னொருக்காவா?” என்றாள் வடிவு. குரல் ஒரு மாதிரி இருந்தது. இரண்டாவது தடவை கணக்கப்பிள்ளை கூரையில் இரண்டு முறை முட்டிக்கொண்டான். அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கதை சுவாரஸ்யத்தில் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் நாதன்தான். அந்த ஊரில் அடுப்பு வந்தது, ரொட்டி வந்தது, மிதக்கிற ரொட்டியைப் பிடிக்கப் பிள்ளைகள் வந்தார்கள். லூர்து என்று ஒரு கிழட்டு மெக்கானிக், பம்பு பழுது பார்ப்பவர். பதினாலாவது அத்தியாயத்தில் அவர் ஊருக்கு வெளியே கயிற்றில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறார். கயிறு அறுகிறது. அந்த நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. காதைச் சுவரில் வைத்தும் ஒன்றும் விளங்கவில்லை. மழை விட்டபோது லூர்து வீட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். எப்படித் தப்பித்தார்?

மறுநாள் வடிவு வேலைக்குப் போனதும், “அண்ணே, அந்தப் புஸ்தகத்த ஒருக்காத் தாங்க, அட்டையப் பாத்துட்டுத் தாரேன்,” என்று வாங்கி, வாசலில் உட்கார்ந்து பதினாலாவது அத்தியாயத்தைப் பிரித்தேன்.

கயிறு அறுந்தது. லூர்து இரண்டே வரியில் செத்துப்போனார். அடுத்த பத்தி பம்பு.

சாயங்காலம் வரை பக்கம் பக்கமாகப் புரட்டினேன். தராசு இல்லை. கொழுந்து இல்லை. அடுப்பில்லை, ரொட்டியில்லை.

இந்த மாதிரி ஒரு சேதி கையில் கிடைத்து எனக்குப் பத்து வருஷமாகிறது. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நாலு பேர் நிற்பார்கள் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் கெட்ட நேரம், வேலை விட்டு வந்த வடிவு மட்டும்தான் நின்றாள்.

“வடிவு, லூர்து செத்துப்போயிட்டாராமே.”

அவளுடைய குடம் நிரம்பி வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

“யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா, ராசம்மாக்கா?”

“இன்னும் இல்ல.” அந்த ‘இன்னும்’ என் வாயில் தானாக வந்தது.

“கல்யாணம் முடிச்சு முப்பத்தொரு வருஷம். ஒரு நாள் ‘நல்லாச் சொன்ன வடிவு’ன்னு அந்த வாயில வந்ததில்லக்கா. அன்னைக்கு ‘என்னா மூள’ன்னாரு. என்னையத்தான் சொன்னாரு. ஆனா அவருக்குத் தெரியாது.” குடத்தை நகர்த்தினாள். “அதுக்கப்புறம் நிறுத்த முடியல.”

“சரி, ஞாயித்துக்கெழம?”

“அதான் பயம். தராசுக் கதையத்தான் பேசப் போறாரு. மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு. அங்க இருபது பேரு கையிலயும் புஸ்தகம் இருக்கும். சொல்லாட்டி, ஊரு சிரிக்கும். சொன்னா, இனிமே என் கையில புஸ்தகமே குடுக்க மாட்டாரு.”

நாலு நாள் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல் கூட வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் மஸ்கெலியாவில் ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் எனக்கு அவர்களுக்கு நேர் பின்னாலிருந்த சீட்டுதான் கிடைத்தது. வளைவுக்கு வளைவு சோலைமலையின் உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்தது. நீர்த்தேக்கம் கண்ணுக்குத் தெரிந்ததும் வடிவு அவர் கையைத் தொட்டாள்.

“ஏங்க. அந்தத் தராசு புஸ்தகத்துல இல்ல.”

“என்னா?”

“நான் சேத்தது.”

பஸ் இரண்டு வளைவு திரும்பியது.

“ரொட்டி?”

“நாந்தான்.”

“லூர்து?”

“அவரு செத்துட்டாருங்க. எனக்கு மனசு வரல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புரை விழுந்த கண்ணுக்கு அங்கே என்ன தெரிந்ததோ, பஸ் நிற்கும்வரை திரும்பவில்லை.

வட்டம் கூடுவது ஒரு டியூஷன் வகுப்பறையில். என் வேலையும் அங்கேதான் இருந்தது. மாஸ்டர் அழைத்ததும் சோலைமலை எழுந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வடிவு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“இந்தப் புஸ்தகத்தப் பத்தி நான் பேச முடியாது. நான் இத வாசிக்கல,” என்றார். “என் சம்சாரம் வாசிச்சுச் சொன்னா. புடிக்காத எடத்துல அவளாச் சேத்துக்கிட்டா. எது யாரு எழுதுனதுன்னு பிரிச்சுக் காட்டுறேன்னு சவால் வுட்டேன். அவ சொன்னதையெல்லாம் நாதன்னுட்டேன். என் வூட்டு மனுஷி பேச்சே எனக்கு அடையாளம் தெரியல. இதுல நாதனப் பத்தி நான் என்னாத்த பேச?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சத்தியமாக நான் இல்லை. மாஸ்டர் வடிவைப் பார்த்து, “அப்ப நீங்க சொல்லுங்கம்மா, என்னா சேத்தீங்க?” என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

மறுநாள் ஆறு மணிக்கு வாசிப்பு இல்லை, அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

“இந்தா. பதினாலாவது. உள்ளத உள்ளபடி வாசி.”

அவள் வாசித்தாள். பம்பு, குழாய், திருகாணி. கயிறு அறுந்தது. லூர்து செத்தார். அடுத்த பத்தி பம்பு.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதாங்க எழுதியிருக்கு.”

“அந்தப் புள்ளயோட வேலையாத்தான் இருக்கும்,” என்றார். மனிதர் திருந்துகிற ஆள் இல்லை. பிறகு மெதுவாக, “நீ எப்புடி அவரத் தப்பிக்க வச்ச? மறந்து போச்சு,” என்றார்.

மறக்கிற ஆளா அவர்!

“புஸ்தகத்துல இல்லாதது எதுக்குங்க, வுடுங்க.”

“நாதன்கிட்டயா கேட்டேன்? ஒங்கிட்ட கேக்குறேன். சொல்லு வடிவு.”

அவள் தொண்டையைச் செருமினாள். நான் காதைச் சுவரில் வைத்தேன். அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. லூர்து எப்படித் தப்பித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மழைக்கு நடுவில் தொடையில் தட்டிய சத்தம் மட்டும் கேட்டது.