ஞானம்மாவின் ஜெபக் குறிப்பு

வல்லம் வடகால் கம்பெனிக்குப் போகும் முதல் ஷிப்ட் பஸ்ஸுக்காக ஞானம்மாவும் மகள் ஜாஸ்மினும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். அம்மாவுக்கு ஹவுஸ்கீப்பிங், மகளுக்கு அசெம்பிளி லைனில் வேலை. ஜாஸ்மின் முடியை ஒட்ட வெட்டி, ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். "நான் பொண்ணு இல்லம்மா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து ஞானம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பயத்தில் மனுஷி ஒரு காரியம் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில், "எம் பொண்ணு ஜாஸ்மினுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டாள். சபையில் சொன்ன ஜெபக் குறிப்பு கர்த்தருக்குப் போய்ச் சேருமுன் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சபை மூப்பர் சுப்பராயன்தான் கம்பெனிக்கு ஆள் விடும் கான்ட்ராக்டர். அது தெரிந்தும், மூப்பராயிற்றே, நல்லதுதான் செய்வார் என்று நம்பினாள்.

பஸ் வந்தது. ஞானம்மா ஏறினாள். பின்னாலேயே கால் வைத்த ஜாஸ்மினைப் படியருகே நின்ற சுப்பராயன் கை நீட்டி மறித்தார்.

"நீ எறங்கு. ஒனக்கு இனிமே லைன்ல வேலை இல்ல."

"இன்னா அங்கிள், நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"ஆம்பள உடுப்பப் பொம்பள போட்டா கர்த்தருக்கு அருவருப்பு. வேதத்துலயே கீது." ஞானம்மாவிடம் திரும்பினார். "சிஸ்டர், ஞாயித்துக்கெழம இத்த ஜெப வூட்ல கொணாந்து வுடு. கெட்ட ஆவி போற வரிக்கும் வெச்சினு ஜெபிப்போம். அப்பால சுடிதார் போட்டுனு வேலைக்கு வரட்டும்."

ஞானம்மாவுக்கு அந்த ஜெப வீடு தெரியும். போன வருஷம் இருங்காட்டுக்கோட்டைப் பையன் ஒருவனை, கண்ணுக்கு மை வைக்கிறான் என்று அங்கே சேலையால் கட்டிப் போட்டார்கள். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே அவன் காலை அழுத்திப் பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி. அவன் உதறிய உதறல் இன்னும் அவள் கையை விட்டுப் போகவில்லை.

"ம்மா, அங்க மட்டும் வுட்றாதம்மா." கீழே நின்ற ஜாஸ்மின் கெஞ்சினாள்.

இறங்கினால் தன் வேலையும் போகும். குடியிருக்கும் வீடும் மூப்பருடைய தம்பியின் வீடு. ஞானம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக் கிசுகிசுத்தாள்.

"வூட்டுக்குப் போய்த் தாப்பா போட்டுக்கோ கண்ணு. யார் கூப்ட்டாலும் தொறக்காத. நானே அவங்களோட வந்து கூப்ட்டாலும் தொறக்காத."

சுப்பராயன் பயண ஜெபத்தைத் தொடங்கினார். அது முடியாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். பஸ் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டது. ஞானம்மா மூடவில்லை. ரோட்டில் நின்ற ஜாஸ்மினும், சிறு வயதிலிருந்து பழகிய பழக்கம், தலை குனிந்து கை கூப்பிக் கண்ணை மூடியிருந்தாள். எல்லோரும் "ஆமென்" என்றார்கள். வண்டி நகர்ந்தபோதும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.