நாலாயிரம் கால்கள்

சண்டை வரப்போவது எங்களுக்கு இரண்டு மாதம் முன்பே தெரிந்துவிட்டது. எங்கள் பட்டறையில் செயற்கைக் கால் செய்கிறோம். ஆலையில் அடிபட்டவர்கள், சர்க்கரை நோயில் காலை இழந்தவர்கள் என்று மாதம் முப்பது கால் போனால் பெரிது. அப்படிப்பட்ட இடத்துக்கு ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது: நாலாயிரம் கால், சீக்கிரம். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. எந்நேரமும் கையில் ஸ்கேலோடு திரிவதால் அவருக்குப் பெயரே அளவுகோல்தான். வெளியே மூச்சு விட்டால் ஜெயில் என்று மிரட்டி எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்.

எனக்குக் காலைக் கட்டும் தோல் வாரைத் தைக்கிற வேலை. இன்னும் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. இழக்கப்போகிறவர்களின் கால்கள் அவரவர் உடம்போடுதான் இருக்கின்றன, யாரோ உட்கார்ந்து எண்ணி முடித்துவிட்டார்கள்.

படையில் இருந்த என் தம்பி மூன்று நாள் லீவில் வந்திருந்தான். அவன் வந்தால் அம்மாவுக்குக் கால் தரையில் பாவாது. அவனுக்கு எப்போது கால்கட்டுப் போடுவது என்று அதே பேச்சு. அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, கையெழுத்தாவது கத்தரிக்காயாவது என்று அவனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

"எத்தனைக்கா?"

"நாலாயிரம்."

"பரவாயில்லையே. அத்தனை பேர் உயிரோட திரும்புவோம்னு நினைச்சிருக்காங்க."

எனக்கு வந்த கோபத்தில் பாலிஷ் டப்பாவைப் பிடுங்கினேன். ரயிலை விட்டுவிடு, சித்தி வீட்டில் போய் ஒளிந்துகொள், பிடித்தால் ஜெயில்தானே, அங்கே சோறாவது போடுவார்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"எங்க படகுல இருந்து முதல்ல குதிக்க வேண்டியது நான்க்கா. நான் போகலன்னா என் இடத்துல எங்க செட்டுக் குண்டனை நிறுத்துவாங்க. அவனுக்கு நீச்சல்கூடத் தெரியாது."

குண்டன் எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்றேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன். ஆனால் அன்று மனதார நினைத்துத்தான் சொன்னேன்.

அவன் போய்விட்டான். அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேண்டுதல். ஒரு கால் போனால் போகட்டும், முழங்காலுக்குக் கீழே போகட்டும், ஆள் வந்து சேர்ந்தால் போதும். முழங்கால் மிஞ்சினால் நடப்பது சுலபம் என்று எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கடவுளிடம் அங்குலக் கணக்கில் பேரம் பேசியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவன் உயரத்துக்கான கால் கைக்கு வரும்போதெல்லாம் வாருக்கு இரட்டைத் தையல் போட்டேன்.

எங்கள் படை கடல் தாண்டிப்போய் அடுத்த நாட்டின் கரையில் இறங்கியது. காலூன்றிவிட்டோம் என்று ரேடியோ முழங்கியது. செய்து முடித்த கால்களைச் சுவர் நெடுக அடுக்கி வைத்துக் காத்திருந்தோம். இரண்டு வாரமாக எடுத்துப்போக யாரும் வரவில்லை.

மூன்றாவது வாரம் ராணுவ ஆஸ்பத்திரி லாரி வந்தது. முன்பு எங்களுக்குச் சாமான் இறக்க வந்த அதே டிரைவர், வாய் ஓயாதவர். அன்று கொடுத்த டீயைக்கூடத் தொடவில்லை. காயம்பட்டவர்களை ஏற்றிவரப் போன கப்பல் முக்கால்வாசி காலியாகத் திரும்பியது, ஆஸ்பத்திரியில் விரித்த படுக்கை விரித்தபடியே கிடக்கிறது என்றார். படகுகள் கரையைத் தொடும் முன்பே சுட்டுத் தள்ளிவிட்டார்களாம். தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கிவர ஆளே மிஞ்சவில்லையாம். அறுநூறு கால்களை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு கடிதத்தை நீட்டினார். மீதி ஆர்டர் ரத்து.

அளவுகோல் அதைப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். இத்தனை நாள் மாடாக உழைத்தீர்கள், போய் ஓய்வெடுங்கள் என்று மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் வீட்டிலிருந்து யாரும் சண்டைக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. முதல்ல குதிக்க வேண்டியது நான்க்கா என்ற குரல் மட்டும் வழியெல்லாம் கேட்டது.

கொல்லையில் அம்மா தம்பியின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். சண்டை தொடங்கியதிலிருந்து பட்டறையில் எதற்கு இத்தனை வேலை என்பது அவளுக்கும் தெரியும். ஏன்டி இந்நேரத்துக்கே வந்துட்ட என்று கேட்டாள்.

"வேலை குறைஞ்சிடுச்சும்மா. அவ்வளவு கால் தேவைப்படாதுன்னுட்டாங்க."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பல நாளுக்குப் பிறகு அப்படி ஒரு சிரிப்பு.

"அப்ப நம்ம பசங்களுக்கு அவ்வளவா அடிபடலை. நான் கும்பிட்டது வீண்போகலடி."

ஆமாம்மா என்றேன். போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிழிந்தோம்.