நீரூற்றுக்குக் கீழே ஓர் ஆய்வகம்

முகப்பில் நீரூற்று வந்த நாளிலிருந்து அடித்தளத்து ஆய்வகத்தில் ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நீரூற்றை வைத்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

ஆராய்ச்சிக்கென்றே தொடங்கப்பட்ட அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அது. வாசல் கல்லிலேயே அப்படித்தான் பொறித்திருந்தார்கள். அதன் அடித்தளத்தில், காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஓர் எஃகுக் கலத்துக்குள், படிகத்தின் மேல் ஊசிமுனையை நகர்த்தி அணுக்களின் வரிசையைப் படமெடுப்பார்கள். ஊசி படிகத்தைத் தொடாது. தொட்டுவிடும் தூரத்தில் நின்று, வரி வரியாகப் போய்த் திரும்பும். ஒரு படம் முடிய ஒரு சினிமா பார்க்கிற நேரம் ஆகும். அதற்குள் யாராவது கதவை அறைந்து சாத்தினால் அந்த வரியில் ஒரு தழும்பு விழும். அதனால் அங்கே நாற்காலியை இழுக்க மாட்டார்கள். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுவார்கள். மற்றத் துறை மாணவர்கள் அந்த அறைக்குப் பிரசவ வார்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அங்கே முனைவர் பட்டத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தவளின் ஆய்வேட்டில் மற்ற எல்லா அத்தியாயங்களும் முடிந்திருந்தன. அவள் எழுதியது சரி என்று காட்ட ஒரே ஒரு முழுப் படம் வேண்டும். படிகம் இரவல். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகத்தில் வளர்த்துக் கொடுத்தது. பருவம் முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த குழு காத்திருக்கிறது.

பருவத்தின் நடுவில்தான் நீரூற்று வந்தது. தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, முகப்பு வெறிச்சென்று இருக்கிறது என்று மேல்மாடி நிர்வாகத்தில் முடிவெடுத்தார்கள். அதன் பம்பை, ஆய்வகத்துக்குக் கூரையாக இருந்த அதே கான்கிரீட் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கினார்கள். அன்று மாலையே திரையில் அணு வரிசை மறைந்து, படம் முழுக்க அலை அலையாக ஓடியது. கலம் இருந்த மேசை காற்றுத் தாங்கிகளின் மேல்தான் மிதந்தது. அந்த அதிர்வுக்கு அதுவும் போதவில்லை.

அவள் கட்டடப் பிரிவுப் பொறியாளரைப் போய்ப் பார்த்தாள். பகலில் ஓடட்டும், இரவில் மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டாள். பம்பை நிறுத்தினால் குழாயில் பாசி பிடிக்கும், பாசி பிடித்தால் கம்பெனி உத்தரவாதம் செல்லாது, ஆகவே நிறுத்த முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

இதைக் கேட்டதும் அவளோடு வாடகை வீட்டில் இருந்த தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவள். இடக்காகப் பேசுவதில் கெட்டிக்காரி.

“அப்ப ஆராய்ச்சியில பாசி பிடிச்சாப் பரவாயில்லையாமா? அக்கா, பேசாம உன் பட்டத்தை அந்த நீரூற்றுக்கே குடுக்கச் சொல்லு. உன்னைவிட அதுதான் நல்லா உழைக்குது.”

வழிகாட்டிப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. பயந்தவர். கணினியில் வடிகட்டி அந்த அலையை எடுத்துவிடலாமே என்றார். அதோடு நாம் தேடுவதும் போய்விடும், பிறகு நாமே வரைந்த படம் மாதிரிதான் இருக்கும் என்று அவள் சொன்னாள். அது தனக்கும் தெரியும் என்று சொல்லிவிட்டு, ஜன்னலே இல்லாத அந்த அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியாக அவள் பதிவாளருக்குப் புகார் எழுதினாள். யார் என்ன கேட்டாலும் ‘பார்க்கலாம்’ என்பார் என்பதால் அவருக்கு அதுவே பட்டப்பெயர். புகாரோடு, பம்ப் கெடுத்த படம் ஒன்றையும் சான்றாக இணைத்தாள். நீலப் பின்னணியில் பொன்னிற அலைகள். நிறம் மென்பொருள் தானாகக் கொடுப்பது. அலை பம்ப் கொடுத்தது. வேறு வழி தெரியாததால், இன்னொரு பருவம் படிகத்தை வைத்துக்கொள்ள அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திடம் நீட்டிப்பு கேட்கச் சொல்லி அவரிடமே ஒரு விண்ணப்பமும் கொடுத்தாள். பதில் இல்லை.

குழு வருவதற்கு முந்தின வாரம் நுழைவு மண்டபத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பதாகை தொங்கியது. நீலமும் பொன்னும். கீழே ‘அணுக்களின் நடனம்: நமது கண்டுபிடிப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள். அவள் பைக்கட்டை மாட்டியபடியே அதன் முன் நின்றாள். ஒவ்வொரு அலையும் அவளுக்கு மனப்பாடம். புகாரை ஒருவரும் படிக்கவில்லை. படம் மட்டும் அழகாக இருந்ததால் கை மாறி மாறி விளம்பரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பதிவாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவளுடைய நீட்டிப்பு விண்ணப்பம் மேசையில், கண்ணில் படும்படி இருந்தது. குழு வரும்போது அவளே பதாகை பக்கத்தில் நின்று விளக்க வேண்டும் என்றார். அது பழுதான படம் என்று அவள் ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

“ரொம்ப உள்ள போகாதம்மா. அழகா ரெண்டு வார்த்தை சொல்லு, போதும். அதுக்கப்புறம் உன் விண்ணப்பத்தைப் பார்க்கலாம்.”

அன்று இரவு தங்கையிடம் இதைச் சொன்னாள். புகார் கொடுத்த பெண்ணை நிற்க வைத்து, அந்தப் புகாரையே பாராட்டச் சொல்கிறார்கள். தங்கைக்கும் அன்று கேலி வரவில்லை. படிகம் போய்விட்டால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டாள். அந்த அத்தியாயம் இல்லாமல் ஆய்வேடு நிற்காது, இத்தனை வருஷமும் தண்ணீரில் போன மாதிரிதான் என்று அக்கா சொன்னாள்.

குழுத் தலைவி வயதில் மூத்த இயற்பியலாளர். கைத்தறிப் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. மற்றவர்கள் பதாகையைத் தள்ளி நின்று ரசித்தபோது அவர் மட்டும் கிட்டப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் அலைகளுக்கு இடையே அளந்தார். பதிவாளர் புன்னகையோடு மாணவியைப் பார்த்தார். பேராசிரியர் தன் காலணியைப் பார்த்தார்.

“புள்ளியே இல்லாம, இவ்வளவு இடைவெளி விட்டு அலையா ஓடுதே. அணு இப்படி நிக்காதே. இது என்னம்மா?” என்றார் தலைவி.

சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையை அவள் ஒத்திகை பார்த்துத்தான் வைத்திருந்தாள். கேள்வி இவ்வளவு நேராக வந்தபோது அது வாயில் வரவில்லை.

“வெளிய இருக்கிற நீரூற்று மேடம். அதோட பம்ப்.”

யாரோ ஒருவர் சிரித்து, மற்றவர்கள் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார். தலைவி பம்பை நிறுத்தச் சொன்னார். பார்க்கலாம் என்று இழுத்தார் பதிவாளர். பார்க்கத்தானே வந்திருக்கிறோம் என்றார் தலைவி. குழு அடித்தளத்துக்கு இறங்கியது. மேலே பம்ப் ஓய்ந்ததும் திரையில் அலை அடங்கி, அணுக்கள் புள்ளி புள்ளியாக வரிசையில் வந்து நின்றன. குழுவுக்கு அடுத்து வேறு துறைகள் காத்திருந்தன. கிளம்புவதற்குள் முழுப் படத்தையும் பார்க்க விரும்புவதாகச் சொல்லிவிட்டுத் தலைவி படியேறினார்.

அவள் அறைக்குள் தனியாக உட்கார்ந்து ஊசியை முதல் வரியிலிருந்து ஓடவிட்டாள்.

படம் பாதி தாண்டியிருக்கும். படிக்கட்டில் காலணிச் சத்தம். திரையில் ஒரு வரி சற்றே கோணியது. பதிவாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். குழு நீரூற்றின் முன் புகைப்படத்துக்கு நிற்கப்போகிறது, தண்ணீர் இல்லாமல் எப்படி நிற்பது, உடனே பம்பைப் போட வேண்டும் என்று தொடங்கினார்.

“அசையாதீங்க சார்,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மூச்சுவிடுகிற சத்தத்தில். “மேடம் முழுப் படம் கேட்டிருக்காங்க. நீங்க அசைஞ்சா இதுல விழும். பம்பைப் போட்டா எல்லாமே போயிடும். அதையும் அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்.”

அவர் நின்றார். ஒரு கால் அறைக்குள், ஒரு கால் வாசற்படியில். அவருடைய சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. திரையில் மெல்லிய ஒரு கீறல் விழுந்தது. அவள் கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவள் அதை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊசி போயிற்று, திரும்பிற்று. அவளுக்கு உரக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் படம் கெடும். அதனால் ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள். புகார் எழுதிய தேதியைச் சொன்னாள். அதைப் படிக்காமல் படத்தை மட்டும் கிழித்தெடுத்ததைச் சொன்னாள்.

“உங்களுக்குத் தெரியாம நடந்திருந்தா நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன் சார். தப்புன்னு நான் சொன்னேன், நீங்க கையைத் தூக்கினீங்க. ஆராய்ச்சிக்குன்னு கட்டின இடத்துல, ஆராய்ச்சி நடக்கலைன்னு சொல்றதுக்கு நான் உங்க அனுமதி கேட்டு நிக்கணும். அந்த நீட்டிப்பை நீங்களே வச்சுக்குங்க. எனக்கு இந்த ஒரு படம் போதும்.”

அவர் முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயெடுத்தார். அவள் உதட்டில் விரலை வைத்துத் திரையைக் காட்டினாள். நாளெல்லாம் பிறரைக் காக்க வைத்துப் பழகிய மனிதர், வாசற்படியில் ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு, அணுக்கள் ஒவ்வொரு வரியாக வந்து முடிவதற்குக் காத்து நின்றார். நெற்றியில் வழிந்த வியர்வையைக்கூடத் துடைக்கவில்லை.

கடைசி வரி முடிந்தது. கோணிய ஒரு வரியும் மெல்லிய ஒரு கீறலும் தவிர அணு வரிசை முழுதாக இருந்தது. அவள் படத்தைச் சேமித்தாள், தலைவிக்குக் காட்ட இன்னொரு வட்டிலும் ஒரு பிரதி எடுத்தாள். பிறகே கைப்பேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“இப்பப் போகலாம் சார்.”

அவர் படியேறினார். சற்று நேரத்தில் கூரை மறுபடி முனக ஆரம்பித்தது. அவள் கலத்துக்குள் மெல்லக் காற்றை விட்டு, அதன் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, இரவல் படிகத்தை அதன் பெட்டியில் வைத்து மூடினாள்.