நகர்ந்த புள்ளி

தாங்கியில் தொங்கிய சைக்கிள் சக்கரத்தை ஒரு கையால் சுழற்றிவிட்டு, மறுகையால் தளர்ந்த கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிக்கொண்டிருந்தாள் சப்ரின். கண் மட்டும் மேசைமேல் சாய்த்து வைத்திருந்த அலைபேசியில் இருந்தது. திரையின் பச்சைப் பரப்புக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி. அது நின்றுபோய் நேரமாகியிருந்தது.

அந்தப் புள்ளிதான் அவள் கணவன் அப்பாஸ். அவனுடைய சைக்கிளின் இருக்கைக்கு அடியில் திருகியிருந்த சிறிய டிராக்கர், டவர் எட்டாத காட்டுக்குள்ளிருந்தும் செயற்கைக்கோள் வழியே இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். கோடைக்கானல் பஜாரில் அவர்கள் வாடகைக்கு விடும் கிராவல் பைக்குகள் தார்ச்சாலையைவிடச் சரளைத் தடங்களில்தான் பேர் பெற்றவை. வழக்கமாக ஆட்களை அழைத்துப்போகும் தடத்தின் குறுக்கே சென்ற மாதம் கேட் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து ஒரு குழு வருகிறது. அதற்குள் வடகவுஞ்சியிலிருந்து காப்பித் தோட்டங்களையும் காட்டையும் கடந்து, கீழே பாலசமுத்திரம்வரை இறங்கும் புதிய தடம் ஒன்றைக் கண்டுபிடித்துவிட வேண்டுமென்று அப்பாஸ் தனியாகக் கிளம்பியிருந்தான்.

"ஏம்புள்ள, எங்க நிக்கிறான்?" என்று கேட்டபடி மாமியார் சர்புன்னிசா டீ டம்ளரோடு வந்தாள். கடைக்குப் பின்புறமே வீடு.

"ஊத்துக்கிட்ட, மாமி. லுஹர் தொழுவாங்க."

அதில் சந்தேகப்பட எதுவும் இருக்கவில்லை. எந்தத் தடத்தில் போனாலும் பாங்கு நேரத்துக்குத் தண்ணீர் இருக்கும் இடமாகப் பார்த்து இறங்குவதும், மழைச்சட்டையை விரித்துத் தொழுவதும் அப்பாஸின் வழக்கம். மற்ற கடைக்காரர்கள் புள்ளி நின்றால் பதறுவார்கள். இவள் பகல் வேளையில் புள்ளி நிற்பதைப் பார்த்துத்தான் நிம்மதி கொள்வாள்.

"தொழுதுட்டுத் தூங்குறானோ என்னமோ. வெள்ளனே எந்திருச்சுப் போனவன்" என்று சொல்லிவிட்டு சர்புன்னிசா உள்ளே போனாள்.

தொழுகை முடிந்திருக்கும். கட்டிக்கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டு முடித்திருப்பான். ஒரு தூக்கமும் முடிந்திருக்கும். ஒவ்வொரு காரணமாகத் தீர்ந்துகொண்டே வந்தது. இரண்டு முறை அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. கடைசியில், வடகவுஞ்சியில் ஜீப்போடு காத்திருந்த கொழுந்தன் ஜாசிமை அழைத்து, ஊற்றுவரை போய்ப் பார்க்கச் சொன்னாள்.

"மதினி, அண்ணன் பாத்தா என்னையத்தான் கிழிப்பாரு. போன தடவ நடந்தது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. போன தடவை இப்படித்தான் பயந்து ஜீப்பை அனுப்பிவிட்டாள். சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த அப்பாஸ், சுற்றி நின்ற விருந்தாளிகளைப் பார்த்து, "எம்பொண்டாட்டி ஒண்ணுக்குப் போகக்கூட விடமாட்டா சார், அங்கயும் ஜீப்பு வந்துரும்" என்றானாம். அந்தக் கேலி பஜார் முழுக்கப் பரவி, ஒரு வாரம் அவளைத் துரத்தியது.

"கிழிச்சா கிழிக்கட்டும். நீ வெரசா போ."

அழைப்பைத் துண்டித்தபின் முறுக்குச் சாவியைக் கீழே வைத்துவிட்டாள். திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் ஒருவன் வந்து வாடகை விசாரித்தான்; என்ன சொன்னோம் என்று அவன் போனபிறகு நினைவில்லை.

புள்ளி நகர்ந்தது.

முதலில் கண்ணின் மயக்கம் என்று நினைத்தாள். மறுபடி நகர்ந்தது. கீழ்நோக்கி, பாலசமுத்திரத்தின் திசையில்.

"மாமி! கெளம்பிட்டாங்க!" என்று கத்தினாள். உள்ளேயிருந்து "அல்ஹம்துலில்லாஹ்" என்று பதில் வந்தது. அந்த உற்சாகத்திலேயே ஜாசிமை அழைத்தாள். ஓரிரு இடங்களில் மட்டுமே டவர் கிடைக்கும் அந்தப் பாதையில், முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"எங்க இருக்க?"

"எஸ்டேட் கேட்டத் தாண்டிட்டேன் மதினி. இன்னும் ரெண்டு வளைவு எறங்குனா ஊத்து."

"வேணாம், திரும்பிரு. அவரு கெளம்பிக் கீழ எறங்கிக்கிட்டிருக்காரு."

"நாந்தான் சொன்னேன்ல!" என்று சிரித்தான் ஜாசிம். பிறகு, "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. ஒரு எட்டு ஊத்து வரைக்கும் பாத்துட்டு வந்துரவா?"

"எதுக்கு? ஜீப்பு வந்து போன தடத்தப் பாத்தா அதுக்கும் ஒரு கத கட்டுவாரு. சனிக்கெழமைக்கு இன்னும் ரெண்டு சக்கரம் அப்படியே கெடக்கு. வா."

ஜீப் பின்னோக்கித் திரும்பும் உறுமல் அலைபேசியில் கேட்டது.

அதன்பிறகு புள்ளியின் போக்கில் ஏதோ உறுத்தியது. வளைவுக்கு வளைவு அது நின்றது. அப்பாஸ் இறக்கத்தில் நிற்கிற ஆள் அல்ல. வளைவுகளில் உடம்பைச் சாய்த்து அருவி மாதிரி இறங்குவான். சனிக்கிழமை வருகிறவர்களுக்காக ஆபத்தான வளைவுகளைக் குறித்துக்கொள்கிறான் போலும் என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் இருந்தது. புள்ளி அடிவாரத்தில் கடைசி வளைவைத் தாண்டி, முதல் வீடுகள் தொடங்கும் இடத்தில் நின்றது. சற்று நேரத்தில், அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

*

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் அப்பாஸின் மய்யித்தை அடக்கிவிட்டு ஆண்கள் வீடு திரும்பியபோது மூடுபனி வாசல்வரை இறங்கியிருந்தது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் கட்டியிருந்த திரைக்குப் பின்னால், வெள்ளைச் சேலையில், பாயில் உட்கார்ந்திருந்தாள் சப்ரின். இத்தா தொடங்கிவிட்டது. இனி நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: ஒரு நொடிதான், தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது. அந்த ஒரு நொடியைப் பற்றிக்கொண்டுதான் அவள் நேற்றிரவைக் கடந்தாள். ஒரு நொடியில் முடிந்திருந்தால், திரும்பிய ஜீப்புக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை. இல்லையென்றால் என்ற இடத்துக்கு மனம் போகும்போதெல்லாம் எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"ஜீப்பு சேத்துல மாட்டிருச்சு. அதான் போக முடியல" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஜாசிம் எல்லாரிடமும் சொல்லியிருந்தான். யாரும் கேட்காமலே சொன்னான். அதற்குப் பின் அவன் இவள் இருக்கும் பக்கம் வரவில்லை.

வாசலில் டெம்போ ஒன்று நின்றது. எதையோ இறக்கும் சத்தம். பிறகு கூடத்தில் ஒரு புதுக்குரல், கூச்சத்தோடு:

"ஐயா, நான் தங்கமுத்து. அந்த எஸ்டேட்டுல காவலுக்கு இருக்கேன். சைக்கிளக் கொண்டாந்திருக்கேன்."

திரையின் ஓரத்தில் கிடைத்த இடுக்கு வழியே அவள் பார்த்தாள். நடு வயது மனிதர். இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்தது. மாமனார் அப்துல் சலாம் எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

"வாங்க, உக்காருங்க. நீங்கதான் எம்மவன மொதல்ல பாத்தீங்களா?"

"அத்தா, அவரு களைச்சு வந்திருக்காரு" என்று ஜாசிம் குறுக்கே வந்தான். "அண்ணே, டீயக் குடிங்க. பஸ்ஸுக்கு நேரமாயிரும், நான் கொண்டுபோயி விடுறேன்."

"இருக்கட்டும் தம்பி, டெம்போக்காரரு திரும்பிப் போறப்ப ஏத்திக்கிறேன்னாரு."

"இல்லண்ணே, பனி எறங்கிருச்சு. வாங்க."

ஜாசிம் அவருடைய தோளில் கை வைத்துவிட்டான். தங்கமுத்து டம்ளரைக் கீழே வைத்து எழ முயன்றார். இன்னும் ஒரு நிமிடத்தில் அவர் போய்விடுவார். அந்த ஒரு நொடி எப்போதைக்கும் அவளுடையதாக இருக்கும். யாரும் அதை அவளிடமிருந்து பிடுங்க முடியாது. சப்ரின் திரையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எதற்குத் தயாராகிறாள் என்று புரிந்து, பக்கத்தில் இருந்த சர்புன்னிசா அவள் முழங்காலை அழுத்தினாள்.

"வேணாம்புள்ள. இத்தாவுல இருக்குறவ வெளி ஆம்பளைக்குக் குரல் குடுக்கக் கூடாது."

"அண்ணே" என்றாள் சப்ரின்.

கூடத்தில் ஓதிக்கொண்டிருந்தவர்கூட நிறுத்தினார்.

"நீங்க சைக்கிள எடுக்குறப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா?"

தங்கமுத்து திரையைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று தோன்றியதுபோல் தரையைப் பார்த்தார்.

"அவருதாம்மா எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாரு. மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு, வேர்த்துப்போயி. எனக்கு இந்தச் சைக்கிளு ஓட்டத் தெரியாதுன்னேன். எந்தப் பிரேக்க எப்பப் புடிக்கணும், முன்னாடி உள்ளத மட்டும் புடிச்சா குப்புற விழுந்துருவ, வளைவுல நின்னு நின்னு போன்னு அம்புட்டையும் நிதானமாச் சொல்லிக் குடுத்தாரு. அப்பிடியும் ரெண்டு எடத்துல விழுந்தேன்." துணி சுற்றிய கைகளை மடியில் மறைத்துக்கொண்டார். "ஒங்கள விட்டுட்டு எப்பிடிண்ணே போறதுன்னு கேட்டேன். நீ போயி ஆம்புலன்சுக்குச் சொல்லு, மேலேர்ந்து எப்பிடியும் ஜீப்பு வந்துரும், வீட்டுல என்னையத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்கன்னாரு. சிரிக்கக்கூடச் செஞ்சாரு. அந்தத் தைரியத்துலதாம்மா எறங்குனேன். ஆளுகளக் கூட்டிக்கிட்டு மேல ஏறி வாரப்ப…"

அவர் டம்ளரை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"சேத்துல மாட்டிருச்சுண்ணே" என்றான் ஜாசிம். நேற்று சொன்ன அதே குரல்.

"சேறா?" தங்கமுத்துவின் வியப்பில் சூது எதுவும் இல்லை. "அந்தப் பக்கம் மழ பெஞ்சே ரொம்ப நாளாச்சே, தம்பி."

அப்துல் சலாம் தன் இளைய மகனின் முகத்தைப் பார்த்தார். ஜாசிம் காலியான டம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினான்; ஒன்று நழுவி உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை. அவன் வாயைத் திறந்து இன்னொரு பொய்யைத் தேடுவது திரைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது.

"ஜீப்பு மாட்டல, மாமி." சப்ரின் சர்புன்னிசாவின் பக்கம் திரும்பித்தான் சொன்னாள். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. "ஊத்துக்குப் பக்கத்துலயே போயிருச்சு. போயிப் பாத்துட்டு வரவான்னும் கேட்டான். நாந்தான் திரும்பி வரச் சொன்னேன்."

முழங்காலின் மேலிருந்த கை விலகியது.

சர்புன்னிசா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாடை மட்டும், மெல்வதற்கு எதுவும் இல்லாமலே, அசைந்துகொண்டிருந்தது. சப்ரின் காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றிருந்தது. வெளியே தங்கமுத்து விடைபெறும் குரல், டெம்போ கிளம்பும் சத்தம், அதன்பின் பஜார்ப் பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு. பாங்கு முடியும்வரை இருவரும் முக்காட்டை இழுத்துவிட்டு அசையாமல் இருந்தார்கள்.

பிறகு சர்புன்னிசா கையை ஊன்றி எழுந்தாள். அடுக்களைக்குள் விறகடுப்பில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. இந்தக் குளிரில் ஆண்கள் பச்சைத்தண்ணீரில் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்ய முடியாது. அவள் பழந்துணியால் அண்டாவின் ஒரு காதைப் பிடித்துப் பார்த்தாள், அசைந்துகொடுக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றாள்.

"வந்து ஒரு காதப் புடி" என்றாள், திரும்பாமலே.

சப்ரின் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு போய்ப் பிடித்தாள். தூக்கினார்கள். ஒருத்தியின் கால் முந்தினாலும் தண்ணீர் மற்றவள் பக்கம் சாய்ந்தது. நடுவழியில் ஒரு தரம் தளும்பித் தரையில் சிந்தி ஆவி கிளம்பியது, இருவரும் நின்றார்கள். தண்ணீர் நிலைகொள்ளும்வரை பொறுத்து, சேர்ந்து அடுத்த அடி வைத்தார்கள்.