தடத்தில் கூடு இல்லை

பல் டாக்டருக்கு எதற்கு அவ்வளவு பெரிய ஜீப் என்று நான் கேட்டது தப்பாம். பாதை கேட்ட மனுவின் விசாரணை நாளன்று வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது, அவர் காதில் விழட்டும் என்றேதான் கேட்டேன். என் வாய் அப்படி. டாக்டர், ரோடு இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒரு சங்கத்துக்குத் தலைவர். வாரம் பூரா அடுத்தவர் பல்லைக் குடைந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையானால் பூமியைக் குடைய வந்துவிடுகிறார் என்று வேறு சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நின்ற என் தம்பி சிரிக்கவில்லை.

ஆமாம், என் கூடப்பிறந்த தம்பி. அந்தச் சங்கத்து வண்டிகளுக்கெல்லாம் அவன்தான் மெக்கானிக். ஸ்பானர் என்று கூப்பிட்டால்தான் ஊரில் பாதிப் பேருக்கு அவனைத் தெரியும். என் ஜீப்பைப் பார்த்துக்கொள்கிறவனும் அவன்தான். அக்கா ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை.

நான் அரசாங்கத்தில் நிலக் காவலர். ஏரி வற்றியபின் மிஞ்சிய ஒரு வெட்டவெளி என் பொறுப்பில் இருக்கிறது. நீளம் பதினோரு கிலோமீட்டர். மரம் கிடையாது, வீடு கிடையாது, வந்து பார்க்கிறவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆட்காட்டிகள் இருக்கின்றன. ஆள் வந்தால் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தி ஊரைக் கூட்டும் அந்தப் பறவை கூடென்று எதையும் கட்டாது. தரையில் நாலு பொடிக்கல்லை ஒதுக்கிவிட்டு, கல்லின் நிறத்திலேயே நாலு முட்டை போடும். அவ்வளவுதான் அதன் வீடு. இந்த வருஷம் முப்பத்தொரு கூடு. வேறெங்கும் இத்தனை சேர்ந்தாற்போல் இல்லை என்று மேலிடத்திலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாரம் ஒருமுறை ஜீப்பில் போய் எண்ணிவிட்டு வருவேன். முதல் வருஷம் ஓட்டிய அதே தடத்தில்தான் பத்து வருஷத்துக்கு மேலாக ஓட்டினேன். தடத்தை விட்டுச் சக்கரம் இறங்கக்கூடாது என்பது இலாகா விதி. எனக்கு அது சாமி வாக்கு. புதிதாக ஓரடி நிலம்கூட நசுங்கக்கூடாதென்று அவ்வளவு அக்கறை.

அந்த அக்கறைதான் வினையானது. நாலு வருஷத்துக்கு முன்னால் மழை பெய்து தள்ளியதில் வெளி முழுக்கப் புல் மண்டிவிட்டது. ஆட்காட்டிக்குப் புல் ஆகாது. எதிரி வருவது தெரிகிற வெறுந்தரை வேண்டும். அங்கே மிச்சமிருந்த வெறுந்தரை, என் ஜீப் தேய்த்த தடம் மட்டும்தான். ஒவ்வொன்றாக அதில் வந்து முட்டையிட ஆரம்பித்தன. இந்த வருஷத்து முப்பத்தொன்றில் பத்தொன்பது, தடத்தில்.

எனக்கு மட்டும்தான் அது தெரியும். தடத்தில் பறவை எழும்பும் இடத்திலெல்லாம் ஜீப்பை நிறுத்தி, இறங்கி, நாலடி முன்னால் நடந்து பார்த்துவிட்டு, கூடு இருக்கும் இடத்தில் மட்டும் வண்டியை ஓரமாகப் புல்லில் இறக்கி ஏற்றுவேன். பத்தொன்பது இடமும் எனக்கு மனப்பாடம். சாயங்காலம் படிவம் நிரப்பும்போது ‘தடத்தில் கூடு உண்டா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவேன். உண்டு என்று எழுதினால் அடுத்த நாளே ஜீப்பை நிறுத்திவிடுவார்கள். என் முழங்கால் போயே போய்விட்டது. பதினோரு கிலோமீட்டர் நடந்து எண்ண முடியாது. என்னை ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு வேறு யாரையாவது அனுப்புவார்கள். அவர்களுக்கு முட்டையும் தெரியாது, கல்லும் தெரியாது. என்னைவிட யார் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற திமிர். நாலு வருஷம் பொய் எழுதினேன்.

தம்பியை அங்கே கூட்டிப் போனதும் நான்தான். அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகியும் அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று அவள் இரண்டு தடவை அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள். இவன் வண்டிக்கு அடியில் படுத்து வேலையாக இருந்தான், காதில் விழவில்லை. தான்தான் கொன்றேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். யார் என்ன சொன்னாலும் தலையில் ஏறவில்லை. ஒரு நாள் அதட்டி எழுப்பி ஜீப்பில் ஏற்றினேன். முட்டைக் காலம் முடிந்திருந்தது. வெளிக்கு நடுவே வண்டியை நிறுத்தியதும் நூறு பறவை ஒன்றாகக் கிளம்பியது. அவன் அன்றுதான் முதல் முதலாக வாய்விட்டு அழுதான். அழுது முடித்துவிட்டு, “எங்கேக்கா கூடு கட்டும் இதெல்லாம்?” என்று கேட்டான்.

“புல்லுக்குள்ள” என்றேன். கூடு இருக்கும் இடத்தைப் பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் பழக்கம். முட்டை திருடுகிறவர்களுக்கு எப்படியாவது சேதி போய்விடும். வாய் தானாகவே மாற்றிச் சொல்லிவிட்டது.

அதற்கப்புறம் அவன் அந்த வெளிக்கு அடிமையாகிவிட்டான். வேலி ஓரமாக வண்டியில் போய்வர ஆரம்பித்தான். சங்கத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். உள்ளே ஒரு பாதை திறந்துவிட வேண்டும் என்று மனுப் போட்டார்கள். நான் அவன் பட்டறைக்கே போய்க் கத்தினேன்.

“பொது நிலம்னா பொதுவுக்குத்தானேக்கா? உனக்கு மட்டும் பட்டா போட்டா கொடுத்திருக்காங்க?” என்றான். “அங்க ஓட்டுற அரைமணி நேரம்தான் எனக்கு மூச்சே விட முடியுது. அதையும் பிடுங்கணுமா?”

“மூச்சு விட வேற இடமே கிடைக்கலியா உனக்கு?”

“நீதானே கூட்டிட்டுப் போய்க் காட்டினே!”

அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. ஸ்டூலை உதைத்துத் தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

விசாரணை ஒரு சின்ன அறையில் நடந்தது. அதிகாரி ஒரு அம்மாள், நிதானமான ஆள், இரண்டு பக்கத்துக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். விதி சுலபமானது. பொது நிலத்தில் பத்து வருஷம் விடாமல் வண்டி ஓடிய தடம் இருந்தால் அது பாதை. யார் வண்டி என்று விதி கேட்கவில்லை. டாக்டர் வானத்திலிருந்து எடுத்த படங்களை வரிசையாக மேசையில் வைத்தார். பழைய படத்தில் மெல்லிய கோடு, புதிய படத்தில் பளிச்சென்று இரட்டைக் கோடு. என் கோடு. பதினோரு வருஷமாக நானே உட்கார்ந்து இவர்களுக்கு ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

“இது உங்க வண்டித் தடம்தானேம்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“ஆமா.”

“தடத்தைத் திறந்தா பறவைக்கு ஆபத்துன்னு சொல்றீங்க. ஆனா உங்க படிவத்துல நாலு வருஷமா ‘தடத்தில் கூடு இல்லை’ன்னு இருக்கே. இது உங்க கையெழுத்துதானே?”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்பியும் பார்த்தான். ஒரே ஒரு வார்த்தை போதும். பொய் எழுதினேன், பத்தொன்பது கூடு தடத்தில் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே மனுவைத் தள்ளியிருப்பார்கள். என் வேலையும் போயிருக்கும். அத்தனை பேர் முன்னால், அதுவும் அந்தப் பல் டாக்டர் முன்னால், நாலு வருஷம் பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று நிற்க வேண்டி வந்திருக்கும்.

“என் கையெழுத்துதான்” என்றேன்.

மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பாதையைத் திறப்பது என்று உத்தரவானது. தடத்தை விட்டு யாரும் இறங்கக்கூடாது என்பது நிபந்தனை.

அந்த மூன்று வாரமும் தம்பியோடு நான் பேசவில்லை. ஜீப்பின் பேட்டரி முனை உப்புப் பூத்துப் போயிருக்கிறது, வந்து மாற்றிக்கொண்டு போ என்று விசாரணைக்கு முன்பே சொல்லியிருந்தான். போகவில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி அவர்களுக்கு முன்னால் போய்விடுவது என்று திட்டம் வைத்திருந்தேன். கூடு இருக்கும் இடத்திலெல்லாம் நானே நின்று, பள்ளம், சேறு என்று எதையாவது சொல்லி வண்டிகளை ஓரமாகத் திருப்பிவிடலாம். யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. என் பொய்யும் பிழைக்கும், முட்டையும் பிழைக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி போன் செய்தான். சமையலறையில் மேசைமேல் போன் அதிர்ந்தது. அவன் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நின்றுபோய், மறுபடி அடித்தது. மறுபடியும் அடித்தது. எடுக்காத போன் என்றால் அவனுக்கு என்னவாகும் என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? நன்றாகத் துடிக்கட்டும் என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைக்கவில்லை. நாலாவது தடவை அடிக்கவில்லை. ஒரு சேதி வந்தது. “அக்கா, நாளைக்கு நான்தான் முன்னாடி போறேன். எங்கயாவது பார்த்துப் போகணும்னா சொல்லு.” படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் ஜீப் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டிக்டிக் என்கிறது, அதோடு சரி. முனையைச் சுரண்டினேன், தள்ளிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பித் தள்ளச் சொன்னேன். ஏழேகால் ஆகிவிட்டது. கோபமாவது மானமாவது, தம்பிக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறானாம். வெளிக்குப் போய்விட்டால் அங்கே சிக்னல் கிடையாது. மறுபடி போட்டேன். ஓடினேன். ஓட்டம் என்ன ஓட்டம், ஒரு காலை இழுத்துக்கொண்டு போனேன்.

வாசல் கதவை அடைந்தபோது எட்டே முக்கால். கதவு திறந்து கிடந்தது. புல் அப்படியே நின்றது. ஒரு தாள்கூட மடங்கவில்லை. இருபத்திரண்டு வண்டி போயிருக்கிறது, பார்த்தால் ஒரே ஒரு வண்டி போன மாதிரி அவ்வளவு ஒழுங்காகத் தடத்துக்குள்ளேயே போயிருக்கிறார்கள். முதல் கூடு நூற்றிருபதாவது அடியில். அங்கே ஈரமாக ஒரு மஞ்சள் கறை, அதில் டயரின் வரி. இரண்டாவது கூட்டில் ஓடுகூடத் தெரியவில்லை. மூன்றாவதில், நாலாவதில், குனிந்து பார்ப்பதை நிறுத்திவிட்டேன். தலைக்கு மேல் பறவைகள் கத்தின. அப்படி அவை கத்தி நான் கேட்டதில்லை.

தம்பி எதிரே நடந்து வந்தான். மற்ற வண்டிகளை மறுகோடியில் நிறுத்திவிட்டு, தன் வண்டியில் வேலி ஓரமாகத் தனியாகத் திரும்பி வந்து இறங்கியிருந்தான். ஹெல்மெட்டைக் கவிழ்த்து இரண்டு கையிலும் ஏந்தியிருந்தான். உள்ளே அவனுடைய கழுத்துத் துணி, அதன்மேல் ஒரு முட்டை. விரிசல் விட்டிருந்தது.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு, எப்படியோ தடத்துல வந்து போட்டிருக்கு” என்றான். “கடைசி வண்டிக்காரர் பார்த்துக் கூப்பிட்டார். மத்த மூணும் போயிடுச்சு. இதை எடுத்தது தப்பா? சத்தியமா நாங்க தடத்தை விட்டு ஒரு இன்ச் இறங்கலக்கா. கூடு எல்லாம் புல்லுக்குள்ளன்னு நீ சொன்னேல்ல, அதைத்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன். புல்லைத் தொட்டா எங்கக்கா தோலை உரிச்சிடுவான்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன்.”

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். ஏழு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த முகம்.

“வேற எங்கயாவது தடத்துல இருந்துச்சாக்கா?” என்று கேட்டான்.

“இல்லடா” என்றேன்.

“அப்புறம் ஏன் இதுங்க இப்படிக் கத்துது?”

“வண்டிச் சத்தம். கொஞ்ச நேரத்துல அடங்கிடும். வா, வீட்டுக்குப் போகலாம். ஜீப் வேற கிளம்பல, வந்து பாரு.”

அவன் ஹெல்மெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னோடு நடந்தான். கூடுகள் இருந்த இடம் வரும்போதெல்லாம் ஏதாவது பேச்சுக் கொடுத்து அவன் பார்வையை என் பக்கம் திருப்பினேன். முழங்கால் வலிக்கிறது என்று அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். வலி நிஜம்தான். அவன் என் ஜீப்பின் பேட்டரி முனையைச் சுத்தம் செய்து பத்து நிமிஷத்தில் கிளப்பிக் கொடுத்தான்.

சாயங்காலம் படிவத்தை எடுத்து வைத்தேன். தேதி எழுதினேன். ‘தடத்தில் கூடு உண்டா?’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாலு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக உண்மையை எழுதினேன்.