பதினோரு நிறுத்தங்கள்

"எட்டுக்குக் கீழே வரணும். வரலைன்னா ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டேன்" என்று பேருந்துக் கம்பெனியின் டாக்டர் சொல்லிவிட்டார். கெடு மூன்று மாதம்; அதுவரை ஓட்டலாம்.

ஓட்டுநர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்று மாத சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி இரண்டு என்று சீட்டில் இருந்தது.

"வண்டியை எடுத்துட்டு என்ன குடுப்பாங்களாம்?" என்று மனைவி கேட்டாள்.

"டிப்போ ஜன்னல்ல உட்கார வைப்பாங்க. எந்த வண்டி எத்தனை மணிக்குப் போச்சுன்னு எழுதணும். அடுத்தவன் ஓட்டுறதை நான் பார்த்துட்டு இருக்கணும்." இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறவர். எந்த நிறுத்தத்தையும் தாண்டிப் போனதில்லை, யாரையும் ஓடவைத்து ஏற்றியதில்லை. டிப்போவில் அவருக்குப் பெயரே 'நிதானம்'தான்.

வழக்கமான மாத்திரையோடு தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு வேகமாக நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. "நடக்கிற தசை இன்சுலினுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதுய்யா. தானே கதவைத் திறந்து ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உள்ளே இழுத்துக்கும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஓட்டுநர் அதை மனைவியிடம் சொன்னபோது அவள் உதட்டைப் பிதுக்கினாள். திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பவள். டேப்பை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள்.

அன்று மாலையிலிருந்தே அவர் நடந்தார். ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் ஒன்றேகால் மணி நேரம் கழித்துத் திரும்புவார். ஒரு நாள் தவறவில்லை. ஆனால் மாதம் முடிந்து விரலில் குத்திப் பார்த்தால் எண் பிள்ளையார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"சிலருக்கு ராசி இல்லைன்னு வச்சுக்கோ" என்றார்.

"சர்க்கரைக்கு ஏதுப்பா ராசி? ஒன்றேகால் மணி நேரம் நடந்தா பக்கத்து ஊரே வந்துடும். நீ எங்கேதான் போறே?" என்றாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

அந்தக் கேள்வி மனைவிக்கு உறைத்தது. மறுநாள் அவர் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் செருப்பை மாட்டிக்கொண்டு பின்தொடர்ந்தாள்.

அவர் தன் பேருந்து போகும் பதினோரு நிறுத்த வழியிலேயே நடந்துகொண்டிருந்தார். நடை நன்றாகத்தான் இருந்தது. முதல் நிறுத்தம் வந்தது. வேகத்தைக் குறைத்து, இடப்பக்கமாக ஒதுங்கி, நின்றார். நிழற்குடையில் நின்றவர்களைப் பார்த்தார். அரை நிமிடத்துக்கும் மேலாக நின்றார். தோளைத் திருப்பிப் பின்னால் பார்த்துவிட்டு மெல்ல நகர்ந்தார். அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. வேகத்தடை வந்தால் அதற்கும் ஒரு தயக்கம்! நான்காவது நிறுத்தத்தில் ஒரு பாட்டி மூட்டையோடு நிழற்குடைக்கு வந்து சேரும்வரை காத்திருந்தார்.

மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயை முந்தானையால் மூடியும் அடங்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கே இங்கே?"

"ஏறலாம்னு வந்தேன். இடம் இருக்கா?"

"என்ன கிண்டல்?"

"எதுக்குங்க ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிக்கிறீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தான் நின்றிருக்கும் இடம் அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது போலிருந்தது. "நின்னேனா?" என்றார். பிறகு, "கால் தானா நிக்குதும்மா. ஆளுங்க நிக்கும்போது எப்படித் தாண்டிப் போறது?"

"உங்க முதுகுல ஏறவா அவங்க நிக்கிறாங்க? பதினோரு ஸ்டாப்புலயும் நின்னு இளைப்பாறிட்டுப் போனா சர்க்கரை எப்படிங்க இறங்கும்? அது சீட்டு பிடிச்சு உட்கார்ந்துட்டுதான் வரும்."

அடுத்த மாலை அவளே ஏற்பாடுகளைச் செய்தாள். சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்து விரலில் குத்தினாள். இருநூற்று முப்பத்தெட்டு. அதைச் சுவர் நாட்காட்டியில் எழுதினாள். "இன்னைக்கு வண்டி எங்கேயும் நிக்காது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கல்யாணமாகி இருபத்து மூன்று வருடம். இப்படிக் கைபிடித்துத் தெருவில் போனது அவளுக்கு நினைவில்லை. முதல் நிறுத்தத்தில் அவர் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. இழுத்தாள். மூன்றாவதில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், யாரையோ ஏற்றாமல் வந்துவிட்ட குற்ற உணர்ச்சியோடு. ஆறாவதுக்குப் பிறகு அவருக்கு மூச்சு வாங்கியது, நெற்றி வியர்த்தது. பேச முடிந்தது, பாட முடியாது. அதுதான் சரியான வேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து நிமிடத்தில் வீடு திரும்பினார்கள்.

குத்தினாள். நூற்று அறுபத்து நான்கு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

வேறு விரல். நூற்று அறுபத்தொன்று. தன் விரலில் குத்திப் பார்த்தாள், நூற்று இரண்டு. மகள் விரலைப் பிடித்ததும் அவள், "ஐயோ, என்னை விடும்மா!" என்று ஓடினாள்.

மெஷின் சரியாகத்தான் இருந்தது. மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எழுபதுக்கும் மேல் இறங்கியிருக்கிறது. ஊசி இல்லை, புது மாத்திரை இல்லை. தெருவில் போய் வந்ததைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை. மனைவி மெல்லத் தரையில் உட்கார்ந்து அவருடைய கெண்டைக்காலில் கை வைத்தாள். சுடச்சுட, இறுகி, தோலுக்கு அடியில் இன்னமும் துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே எத்தனை ஆயிரம் கதவுகள் திறந்திருக்கும்! கொட்டாவி விட்டபடி அவர் நாற்காலியில் சாய்ந்த பிறகும் அந்தக் கால் தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. கோயிலில் பேசுவது போல் அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

"உள்ளே யாருங்க இருக்கா?"

அவரும் மறு காலைத் தொட்டுப் பார்த்தார்.

அதன் பிறகு இரண்டு மாதம். மழை பெய்தால் மாடிப்படியில் ஏறி இறங்கினார்கள். வண்டி கிளம்பக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அவர் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி உயர்த்தி இறக்கினார். "நிதானம், பறக்கப் போறியா?" என்று நடத்துநர்கள் கேலி செய்தார்கள்.

கெடு முடிந்த அன்று இருவரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார்கள். டாக்டர் சீட்டைப் படித்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஏழு புள்ளி ஏழு. நாளைக்கும் வழக்கம்போல வண்டி எடுங்க. ஆனா மாத்திரையை விட்டுடாதீங்க. நடையையும்தான்."

ஓட்டுநர் எழவில்லை. "ஐயா, மாத்திரை அதே மாத்திரைதானே?"

"அதேதான்."

"அப்போ மீதியை யாரு பண்ணினது?"

டாக்டர் பேனாவால் மேஜைக்கு அடியில் காட்டினார். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தார்கள். தேய்ந்த செருப்புக்குள் இரண்டு சாதாரணப் பாதங்கள்.

மறுநாள் விடிகாலை முதல் வண்டியை அவர்தான் எடுத்தார். சமையலறை ஜன்னல் வழியாக அது முனை திரும்புவது கொஞ்சம்தான் தெரியும். பார்ப்பதற்காக அவள் எக்கி நின்றாள். வண்டி மறைந்தது. குதிகாலைக் கீழே இறக்காமல், தன் கால்களுக்குள் ஏதோ ஒன்று திரண்டு தன்னைத் தூக்கிப் பிடித்திருப்பதை உணர்ந்தபடி, அவள் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.